துடைக்கும் முன் எடை போடுங்கள்: ஆண்டிஸ் வெள்ளிப் பெட்டிகளைப் பார்ப்பதும் பராமரிப்பதும்

என் மேசைக்கு வந்த பெட்டி, இரண்டு உள்ளங்கைகளைக் குவித்தால் அதில் உட்காரும் அளவுதான். முட்டை வடிவம், ஓரம் முழுக்கச் சிப்பி போல மடிப்பு. மூடியில் எதிரெதிரே இரண்டு சிங்கங்கள், நடுவே வெடித்த மாதுளை. திருப்பிப் பார்த்தால் அடித்தகட்டில் ஊசியால் கீறிய மாதிரி ஒரு குறிப்பு: 2 மார்கோ, 5 ஓன்சா.

மார்கோ என்பது ஸ்பானிய ஆட்சிக்காலத்து எடை. ஒரு மார்கோ 230 கிராமுக்கு ஒரு துளி கூடுதல். எட்டு ஓன்சா சேர்ந்தால் ஒரு மார்கோ. கணக்குப் போட்டால் அந்தப் பெட்டி 604 கிராம் இருக்க வேண்டும். என் தராசு 591 காட்டியது. மூன்று முறை வைத்துப் பார்த்தேன், அதே 591.

அப்போது நான் பெருவின் தலைநகர் லிமாவில் ஒரு தனியார் சேகரிப்பில் உலோகப் பொருள்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். 13 கிராம் எங்கே போனது என்று அன்று மாலை முழுக்க யோசித்தேன். தாழ்ப்பாளின் குத்தூசி தொலைந்திருந்தது. அது மிஞ்சிப்போனால் 3 கிராம். மீதி? சிங்கங்களின் மூக்கைப் பார்த்தேன். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்க, மூக்கு மட்டும் சப்பையாக, வழவழவென்று இருந்தது. மாதுளையின் மேடும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக யாரோ பளபளப்புக்காகத் தேய்த்து, வெள்ளியைத் துணியோடு கொண்டுபோயிருக்கிறார்கள். அடியில் கீறியவர் ஓன்சாவுக்குக் கீழே உள்ள சில்லறையை விட்டிருந்தால், இழப்பு இன்னும் அதிகம்.

அதனால், இந்த மாதிரிப் பொருள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று யார் கேட்டாலும், துடைப்பதைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவேன். முதலில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எதற்கான பெட்டி

இந்தப் பெட்டிகளைக் கோகேரா என்பார்கள், கோகா இலை வைக்கும் பெட்டி. பெரும்பாலும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், அன்று ஆல்தோ பெரு என்று அழைக்கப்பட்ட இன்றைய பொலிவியாவிலும் அதை ஒட்டிய பெருவின் மலைப்பகுதியிலும் செய்யப்பட்டவை. 1545-ல் பொதோசியின் செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே ஒரு பெருநகரமே எழுந்தது. 1570-களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 'மித்தா' என்ற கட்டாய உழைப்பு முறையை ஒழுங்குபடுத்தினார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பழங்குடி ஆண்கள் ஊர் ஊராகத் திரட்டப்பட்டு அந்த மலைக்குள் அனுப்பப்பட்டார்கள். பசியையும் களைப்பையும் தாங்க அவர்கள் கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் அதைத் துணிப்பையில் வைத்திருந்தார்கள். அவர்கள் வெட்டியெடுத்த வெள்ளியில் செய்த பெட்டி வசதியானவர் வீட்டு மேசையில் இருந்தது. பெட்டியின் அழகைப் பற்றி எவ்வளவு பேசினாலும், இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ஏலப் பட்டியலில் 'கோகேரா' என்று எழுதியிருப்பதாலேயே அதில் கோகாதான் இருந்தது என்று நம்பிவிடாதீர்கள். பராகுவே பக்கமிருந்து வந்த யெர்பா மாத்தே இலையும் அந்த வீடுகளில் அன்றாடம் புழங்கியது. சர்க்கரை போட்டுக் குடித்தார்கள். உள்ளே தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் பிரித்திருந்தால், ஒன்று இலைக்கு, ஒன்று சர்க்கரைக்கு. அது யெர்பேரா. தடுப்பு பின்னால் கழற்றப்பட்டிருக்கலாம், ஆகவே உள்சுவரில் நேர்கோட்டுப் பற்றவைப்புத் தழும்பு இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கையில் எடுக்கும்போது

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். ரப்பர் கையுறை வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். வெறும் விரலின் வியர்வை உப்பும் தடம் விடும், அந்தத் தடம் சில மாதங்களில் கறுத்து அப்படியே தங்கிவிடும். மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கீல் இருநூறு வருடத்துக்கு மேல் தேய்ந்தது. அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை. திறக்கும்போது மூடிக்குப் பின்னால் ஒரு கையை முட்டுக் கொடுத்து, அதிகம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் எடை போடுங்கள். கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் பழைய எடைக் குறிப்பு இருந்தால், அந்தக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உள்பக்கம்

பெருவின் அயாகுச்சோ நகரைச் சேர்ந்த ஒரு வயதான வெள்ளி ஆசாரி எங்களுக்கு அவ்வப்போது உதவ வருவார். எல்லோரும் அவரை மாயெஸ்த்ரோ, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவோம். முதல் வாரம் அவர் என்னைப் பாலிஷ் எதையும் தொடவிடவில்லை. ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, மூடியின் உள்பக்கத்தை வரையச் சொன்னார். மேல்பக்கத்தை அல்ல. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. இரண்டாம் நாள்தான் புரிந்தது.

மேல்பக்கம் நமக்குக் காட்டுவதற்காகச் செய்தது. உள்பக்கத்தில் ஆசாரியின் கை அப்படியே இருக்கிறது. தகட்டை அரக்கு மாதிரியான பிசின் படுக்கையில் பதித்து, உள்ளிருந்து தட்டி மேடு எழுப்பி, பிறகு திருப்பிப் போட்டு மேலிருந்து சிற்றுளியால் வரி வரியாக இறக்குவார்கள். அப்படிச் செய்த பெட்டியின் உள்ளே, சிங்கம் இருக்கும் இடத்தில் சிங்க வடிவக் குழி இருக்கும். குழிக்குள் சுத்தியலின் தட்டையான முகம் பட்ட சிறுசிறு பட்டைகள் தெரியும். ஒன்று போல இன்னொன்று இருக்காது. மேலே வரி இழுத்த இடத்தில் உள்ளே மெல்லிய முகடு எழும்பியிருக்கும். மேடு அதிகமான இடத்தில் தகடு மெலிந்திருக்கும். சில நேரம் அங்கே மயிரிழை விரிசலும், அதை உள்ளிருந்து ஒட்டுப் போட்டு அடைத்த இடமும் தெரியும். அந்தப் பழைய ஒட்டைப் பார்த்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். யாரோ இந்தப் பெட்டியைத் தூக்கி எறியாமல் சரி செய்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வார்ப்பில் செய்த போலியில் உள்பக்கம் வேறு மாதிரி. ஒன்று, முழுக்க வழவழப்பு. இல்லையென்றால் மணல் தூவியது போன்ற பொருக்கு, ஊசித் துளைகள். அச்சில் அழுத்தியதானால் மேலும் உள்ளும் ஒரே சீராக, எல்லாப் பூவும் ஒரே பூவாக இருக்கும். கையால் தட்டிய பெட்டியில் வலப்பக்கச் சிங்கமும் இடப்பக்கச் சிங்கமும் அண்ணன் தம்பி மாதிரி, ஒரே சாயல், ஆனால் வேறு வேறு முகம்.

ஓரத்தையும் விரலால் சுற்றி வாருங்கள். சுத்தியலால் மெலிதாக்கிய தகடு எங்கும் ஒரே கனமாக இருக்காது. கீலில் ஒரு ஊசி நுழைந்த குழாய்த்துண்டுகளைப் பாருங்கள். கையால் சுருட்டிய தகடு என்றால் நீளவாக்கில் ஒரு தையல் கோடு தெரியும். மரை போட்ட திருகாணி எங்காவது இருந்தால், அந்தப் பகுதியாவது பிற்காலத்தது.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். மாயெஸ்த்ரோ வருவதற்கு முந்தைய மாதம், வேறொரு பெட்டியின் உள்மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு இருந்தது. அழுக்கு என்று நினைத்து, ஈரப் பஞ்சால் ஊற வைத்து, துடைத்துக் குப்பையில் போட்டேன். பிறகுதான் உறைத்தது. அது இலைத் துகளாக இருந்திருக்கலாம். ஆய்வகத்தில் கொடுத்திருந்தால், கோகாவின் ஆல்கலாய்டு இருக்கிறதா, மாத்தேயின் காஃபீன் இருக்கிறதா என்று பார்த்திருக்க முடியும். அந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதற்கு இருந்த ஒரே நேரடிச் சாட்சியை நானே அழித்துவிட்டேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது. உள்ளே எந்தப் பொருக்கைக் கண்டாலும் தொடாதீர்கள். படம் எடுங்கள், மூடி வையுங்கள்.

முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம்

சட்டப்படி, காலனிகளில் எடுத்த வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. இதுதான் கின்தோ. பெருவில் 1736-லிருந்து அது பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வரி கட்டிய வெள்ளிக்கு அடையாளமாக முத்திரை குத்த வேண்டும். ஆனால் ஆண்டிஸ் பகுதியின் வீட்டுப் பாத்திரங்களில் ஏராளமானவை வெறும் தகடாகவே இருக்கின்றன. சுரங்கம் பக்கத்திலேயே, அதிகாரி தொலைவில். வரி கட்டாத வெள்ளி நேராக ஆசாரியிடம் போனது. ஆகவே பொதோசிப் பெட்டியில் முத்திரை இல்லாதது குறையே அல்ல. சொல்லப்போனால், நாலு முத்திரையும் பளிச்சென்று வரிசையாக இருக்கும் ஆல்தோ பெரு கோகேராவைத்தான் நான் சந்தேகத்தோடு இரண்டு முறை பார்ப்பேன்.

மெக்சிகோ வெள்ளி வேறு கதை. அங்கே ஒழுங்கு கடுமை. ஊர் முத்திரையாகக் கிரீடம் சூடிய 'M' எழுத்து, வரி கட்டியதற்குப் பறக்கும் கழுகு, மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, சோதித்தவர் பெயர், செய்தவர் பெயர். சோதித்தவர் பெயர் கிடைத்தால் காலம் கிடைத்த மாதிரி. அந்தோனியோ ஃபோர்காதாவின் சுருக்கெழுத்து இருந்தால், ஏறக்குறைய 1790-களிலிருந்து 1818 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடியில் மின்னல் கோடு போல வளைந்து வளைந்து ஒரு சுரண்டல் இருந்தால் அதைச் சேதம் என்று நினைத்து மெருகிட்டு எடுத்துவிடாதீர்கள். அதற்குப் பூரிலாடா என்று பெயர். மாற்றுப் பார்க்க உளியால் கொஞ்சம் வெள்ளி சுரண்டி எடுத்த தடம் அது. அன்றைய தர அளவு தினேரோ. 12 தினேரோ என்றால் கலப்பே இல்லாத வெள்ளி. பாத்திர வெள்ளிக்குப் பொதுவாக 11 தினேரோ, அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு. பெட்டியில் 925 என்று பொறித்திருந்தால் அது இந்தக் காலத்து முத்திரை.

எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் சோதிக்க வாய்ப்பிருந்தால் நல்லது. அது பெட்டியைக் கீறாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: பழைய வெள்ளியின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போய், உள்ளே இருப்பதைவிட மாற்று கூடுதலாகக் காட்டும். ஒரே இடத்து அளவை நம்பாமல், தேய்ந்த இடம், அடித்தகடு, கீல் என்று நாலைந்து இடத்தில் எடுங்கள். பழைய முறையில் சுத்திகரித்த வெள்ளியில் ஈயம், தங்கம் போன்றவற்றின் சிறு தடங்கள் மிச்சமிருக்கும். எல்லாத் தடமும் துடைத்தெடுத்தாற்போல் இருந்தால், மின்முறையில் சுத்திகரித்த நவீன வெள்ளியோ என்று சந்தேகப்படலாம்.

பூவும் விலங்கும்

அலங்காரத்தை வைத்து வருடத்தைச் சொல்ல முயலாதீர்கள், அரை நூற்றாண்டு வித்தியாசத்தில் சொன்னால் போதும். இரட்டைத் தலைக் கழுகு ஹாப்ஸ்பர்க் அரச குலத்தின் சின்னம். அந்தக் குலத்தின் ஸ்பானிய ஆட்சி 1700-ல் முடிந்தது. ஆனால் ஆண்டிஸில் அந்தக் கழுகு அதற்குப் பிறகும் ஆசாரிகளின் கையை விட்டுப் போகவில்லை. இடமே விடாமல் இலையும் கொடியும் நெருக்கி நிரப்பியிருந்தால் பரோக் என்ற பழைய ஐரோப்பிய அலங்காரப் பாணி. சிப்பி நுரை போல ஒருபக்கமாகச் சாய்ந்த சுருள்கள் வந்தால் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அல்லது அதற்குப் பிறகு. வெற்றுப் பரப்பும் மாலைத் தோரணமும் என்றால் நூற்றாண்டின் கடைசி.

எனக்குப் பிடித்தது வேறு. ஐரோப்பியக் கொடிக்கு நடுவே திடீரென்று கந்தூத்தா பூ தொங்கும். இன்காக்களின் பூ என்று அங்கே கொண்டாடப்படும் மணி வடிவப் பூ அது. குரங்கு வரும், கிளி வரும், விஸ்காச்சா என்ற முயல் மாதிரியான மலை விலங்கு வரும். பொதோசியின் சான் லொரென்சோ தேவாலய வாசலில் கல்லில் நரம்பிசை மீட்டும் கடற்கன்னிகள் இருக்கிறார்கள். அதே கன்னிகள் வெள்ளியிலும் வருவார்கள். வடிவமைப்பு நூல் ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் சுத்தியல் பிடித்த கை பெரும்பாலும் பழங்குடி ஆசாரியின் கை. நேரில் பார்க்க விரும்பினால் பொதோசியின் காசா தெ லா மொனேதா, லிமாவின் பேத்ரோ தெ ஒஸ்மா, புவெனஸ் ஐரிஸின் ஃபெர்னாந்தெஸ் பிளாங்கோ ஆகிய அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

வாங்குவதாக இருந்தால்

காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள். பெருவில் 2004-ஆம் ஆண்டின் 28296 எண் சட்டமும் பொலிவியாவில் 2014-ஆம் ஆண்டின் 530 எண் சட்டமும் இந்தப் பொருள்களை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பாதுகாக்கின்றன. மலைக் கிராமத் தேவாலயங்களில் பல தலைமுறை வெள்ளி திருட்டுப் போயிருக்கிறது. பொலிவியாவின் கோபகபானா தேவாலயத்து மாதா சிலையின் நகைகளே 2013-ல் களவு போயின. விற்பவரிடம் இது எப்போது நாட்டை விட்டு வெளியே வந்தது, யார் யார் கையில் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆவணம் இருந்தால் மனம் நிம்மதி. 'பழைய குடும்பச் சொத்து' என்ற மூன்று வார்த்தை ஆவணம் ஆகாது.

இனி, துடைப்பது

கறுப்பு என்பது வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு. அதைத் தேய்த்து எடுக்கும்போது அதிலுள்ள வெள்ளியும் சேர்ந்தே போகிறது. என் சிங்கங்களின் மூக்கு போன வழி இதுதான். ஆகவே முதல் கேள்வி: துடைத்தே ஆக வேண்டுமா? பள்ளங்களில் தங்கிய கறுப்பு, மேட்டை எடுத்துக்காட்டும் நிழல். அதை எடுத்தால் வேலைப்பாடு வெளிறிப் போகும்.

தூசி மட்டும் என்றால் மென்மையான தூரிகை போதும். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் காய்ச்சி வடித்த நீரில் துளி மணமற்ற சோப்பு, பஞ்சுக் குச்சி, பிறகு வெறும் நீர், பிறகு எத்தனால். உடனே உலர வையுங்கள். கீலுக்குள் நீர் இறங்க விடக் கூடாது.

மேடுகளில் கறுப்பு அதிகம் என்றால், நுண்மையான கால்சியம் கார்பனேட் பொடியைக் காய்ச்சி வடித்த நீரும் எத்தனாலும் கலந்து பால் பதத்தில் குழைத்துக்கொள்ளுங்கள். அடித்தகட்டில் நகம் அளவு இடத்தில் முதலில் சோதியுங்கள். பஞ்சுக் குச்சியை உருட்டுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். மேட்டில் மட்டும், பள்ளத்தை விட்டுவிட்டு. பஞ்சு கறுத்ததும் மாற்றுங்கள், அதே பஞ்சால் தொடர்ந்தால் அழுக்கே கீறும். கண்ணாடி போலப் பளபளக்க வேண்டியதில்லை. மங்கலான வெண்மை வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சப் பொடியை மென்தூரிகையாலும் எத்தனாலாலும் எடுக்காவிட்டால், பள்ளத்தில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். தங்கப் பூச்சுத் தடம் எங்காவது மின்னினால் அங்கே பொடியே போகக் கூடாது. அடியில் எடைக் குறிப்பு கீறிய இடத்துக்கும் அப்படித்தான்.

கடையில் விற்கும் முக்கியெடுக்கும் திரவங்கள் வேண்டாம். அமிலம் சேர்ந்தவை, மேற்பரப்பை அரித்துவிடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போடும் வீட்டு வைத்தியமும் வேண்டாம். அது பள்ளத்துக் கறுப்பையும் உருவிக்கொண்டு, பால் வெள்ளையான ஒரு பரப்பை விட்டுப் போகும். அது சீக்கிரமே மறுபடி கறுக்கும். தாழ்ப்பாள் உடைந்திருந்தால் நெருப்பு வைத்துப் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். பழைய ஒட்டில் ஈயம் இருந்தால், சூட்டில் அது சுற்றியுள்ள வெள்ளியையும் தின்றுவிடும்.

தேங்காய்ச் சிரட்டையில் வெள்ளி கட்டிய சாக்லேட் கிண்ணங்கள் கைக்கு வந்தால் இந்த ஈர வேலை எதுவும் கூடாது. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் அவற்றைக் கோகோ சோகோலாதேரோ என்பார்கள். சிரட்டை நனைந்து உலர்ந்தால் வெடிக்கும். உலர்ந்த பஞ்சு போதும். அயாகுச்சோவின் கம்பி வேலையில் மான், வான்கோழி வடிவில் செய்த நறுமணப் புகைக் கலன்களையும் வீட்டில் துடைக்க முயலாதீர்கள். ஒரு கம்பி பஞ்சில் மாட்டினால் போதும், முடிந்தது. அதைத் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

வைக்கும் இடம் உலர்வாக இருக்கட்டும், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே. அமிலமில்லாத தாளில் சுற்றி, வெள்ளிக்கென்றே விற்கும் கந்தகம் உறிஞ்சும் துணிப்பையில் போட்டு, பக்கத்தில் ஒரு கிளர்வூட்டிய கரிப் பொட்டலம். கம்பளித் துணி, ரப்பர் வளையம், செய்தித்தாள், பிவிசி உறை எதுவும் அருகில் வரக் கூடாது. ரப்பர் வளையம் சுற்றிய ஒரு மூடியில், வளையத்தின் தடம் கறுப்புக் கோடாக உலோகத்துக்குள்ளேயே அரித்து இறங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு கடைசி வரை போகவில்லை.

அந்தச் சிங்கப் பெட்டியின் மேடுகளை ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரம் மட்டும் துடைத்தேன். துடைத்து உலர்ந்ததும் மறுபடி தராசில் வைத்தேன். 591. கிராமுக்குக் கீழே காட்டும் தராசு அன்று என்னிடம் இல்லை, அடுத்த மாதமே வாங்கினேன். அமிலமில்லாத அட்டை ஒன்றில் பென்சிலால் தேதி, எடை, எந்த இடத்தைத் துடைத்தேன், எதைக் கொண்டு துடைத்தேன், தாழ்ப்பாள் ஊசி இல்லை என்பதையெல்லாம் எழுதி, பெட்டிக்குள் போடாமல் பைக்குள் பக்கவாட்டில் செருகினேன். கீழே ஆறு வரி காலியாக விட்டிருக்கிறேன், அடுத்துத் துடைப்பவர்கள் தங்கள் எடையை எழுத.